கணக்குப் பாடம் மாறியிருக்கிறது: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் தொழிற்பேட்டையை வைத்துத்தான் அறிவார்கள். ஷிப்டு முறையில் வேலைக்குப் போய்வரும் பெற்றோர் இங்கே பலர். வேலை முடிந்து வீடு திரும்பிய தகப்பனார் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கிறார். தாம் படித்த கணக்கு அதில் இல்லை. கேள்வி அரைப்பக்கம் நீளத்துக்கு ஒரு கதைபோல ஓடுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. "வாத்தியார் சொல்லித் தந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்.

அந்த அறிவுரை ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று அது மட்டும் போதாது. புதுச்சேரியின் அரசுப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் முறையும், அதைச் சோதிக்கும் முறையும் ஒருசில ஆண்டுகளுக்குள் மாறிவிட்டன. இந்த மாற்றம் புரியாமல் நாம் வீட்டில் எடுக்கும் ஒரு முடிவு, பிள்ளையின் மேற்படிப்பு வழியையே அடைத்துவிடக் கூடும். எனவே, என்ன மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை எளிமையாகப் பார்ப்போம்.

பாடத்திட்டம் எப்படி மாறியது?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் பிளஸ் 1 வகுப்பும் சிபிஎஸ்இக்கு மாறின. அடுத்த ஆண்டு 10ஆம் வகுப்பும் பிளஸ் 2வும் மாறின. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்த முதல் அணியில் 10ஆம் வகுப்பு எழுதிய பிள்ளை, 8ஆம் வகுப்பில் தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் படித்தவர். இரண்டே ஆண்டுகளில் புதிய புத்தகம், புதிய வினாத்தாள், புதிய மொழி மூன்றையும் சமாளிக்க வேண்டியிருந்தது. மற்றப் பாடங்களில் முந்தைய ஆண்டின் குறையை ஓரளவு மறைத்துக்கொண்டு முன்னேறிவிடலாம். கணக்கில் அது நடக்காது. 7ஆம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்கு 9ஆம் வகுப்பில் இயற்கணிதம் புரியாது. இயற்கணிதம் புரியாதவருக்கு 10ஆம் வகுப்பில் முக்கோணவியல் பெரிய மலையாகத் தெரியும்.

இதே சாலையில் சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுகிறது. அங்கே வானூர் வட்டத்தில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகள் தமிழ்நாட்டு வாரியத்தில் படிக்கிறார்கள். "அவன் 90 வாங்குகிறான், நீ ஏன் 50 வாங்குகிறாய்?" என்று ஒப்பிடுவதற்கு முன், இரண்டு பிள்ளைகளும் எழுதுவது இரண்டு வேறு தேர்வுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய முறை என்ன செய்தது?

தமிழ்நாட்டு வாரியத்தின் 10ஆம் வகுப்புக் கணக்குத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். 2 மதிப்பெண் கேள்விகள் பத்துக்கும், 5 மதிப்பெண் கேள்விகள் பத்துக்கும் விடை எழுத வேண்டும். கடைசிப் பகுதியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் காட்டிய கைகண்ட வழி இந்தக் கடைசிப் பகுதிதான். செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் நன்றாகப் பழகினால் 16 மதிப்பெண் கைக்கு வந்துவிடும். புத்தகத்தின் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் கேள்விகளைப் படித்துவிட்டால் அதில் பாதியாவது வரும். இன்னும் சில எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுப் பழகினால் 35ஐத் தாண்டிவிடலாம்.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத எத்தனையோ பிள்ளைகளை மாலைநேர வகுப்பு நடத்தித் தேற வைத்தவர்கள் நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். ஆனால் இந்த வழியில் ஒரு பிள்ளை தேறினால், அவருக்குக் கணக்கு வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணை மாற்றிக் கேட்டால் போட்டுவிடுவார். கேள்வியை மாற்றிக் கேட்டால் தடுமாறுவார். பிளஸ் 1 சேர்ந்த முதல் மாதத்திலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புதிய வினாத்தாள் எதைக் கேட்கிறது?

சிபிஎஸ்இ 10ஆம் வகுப்புக் கணக்கில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், பள்ளியிலேயே தரப்படும் அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண். வினாத்தாளில் 38 கேள்விகள். அவற்றில் 20 கேள்விகள் ஒரு மதிப்பெண். 5 கேள்விகள் 2 மதிப்பெண். 6 கேள்விகள் 3 மதிப்பெண். 4 கேள்விகள் 5 மதிப்பெண். கடைசியாக, ஒரு சூழலை விவரித்து அதிலிருந்து கேட்கப்படும் மூன்று கேள்விகள், தலா 4 மதிப்பெண். பாடவாரியாகப் பார்த்தால் இயற்கணிதத்துக்கு 20, வடிவியலுக்கு 15, முக்கோணவியலுக்கு 12, புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்ந்து 11, அளவியலுக்கு 10, எண்களுக்கு 6, ஆயத்தொலை வடிவியலுக்கு 6. "இதை மட்டும் படித்தால் 16 மதிப்பெண் நிச்சயம்" என்று சொல்லக்கூடிய தனிப் பகுதி இங்கே இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 9, 10ஆம் வகுப்புகளின் மதிப்பீட்டில் பாதி அளவுக்குத் திறன் சார்ந்த கேள்விகள் இருக்க வேண்டும் என்று சிபிஎஸ்இ வகுத்திருக்கிறது. திறன் சார்ந்த கேள்வி என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

பழைய பாணியில் கேட்டால் கேள்வி இப்படி இருக்கும்: "முதல் உறுப்பு 500, பொது வித்தியாசம் 50 கொண்ட கூட்டுத்தொடர் வரிசையின் முதல் 12 உறுப்புகளின் கூடுதல் காண்க." சூத்திரம் தெரிந்தால் போதும். விடை 9,300.

அதையே இப்படிக் கேட்டால்? "தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி 10,000 ரூபாயில் புதிய தையல் இயந்திரம் வாங்க நினைக்கிறார். முதல் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறார். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தை விட 50 ரூபாய் கூடுதலாகச் சேமிக்கிறார். எந்த மாதத்தில் அவரால் இயந்திரம் வாங்க முடியும்?"

இங்கே கூட்டுத்தொடர் என்ற சொல்லே இல்லை. இது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து சமன்பாடாக எழுதினால் அது ஓர் இருபடிச் சமன்பாடாகி நிற்கும். அதைத் தீர்த்தால் 12.6 என்று முழுமையில்லாத விடை வரும். மாதத்தில் 12.6 என்று ஒன்று உண்டா? 12ஆம் மாத முடிவில் கையில் 9,300 ரூபாய்தான் இருக்கும், அது போதாது. 13ஆம் மாதம் 1,100 ரூபாய் சேர்ந்து 10,400 ஆகிவிடும். ஆக விடை 13ஆம் மாதம். இந்தக் கடைசி முடிவைச் சூத்திரம் சொல்லாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

"கூற்று–காரணம்" என்று இன்னொரு வகைக் கேள்வியும் வருகிறது. கூற்று: 13, 14 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 1. காரணம்: 14 ஓர் இரட்டை எண். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டாவது, முதலாவதற்குக் காரணம் ஆகாது. அடுத்தடுத்து வரும் எந்த இரண்டு எண்களுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்காது என்பதே சரியான காரணம். மனப்பாடம் செய்த பிள்ளை "இரண்டுமே சரி" என்று பார்த்தவுடன் தவறான விடையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். ஏன் என்று யோசித்துப் பழகிய பிள்ளைதான் நின்று பார்க்கும்.

மொழி என்னும் தடை

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் கணக்கை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. ஆக, வீட்டிலும் தெருவிலும் தமிழில் யோசிக்கும் பிள்ளை, கணக்கை ஆங்கிலத்தில் வாசித்து ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டும்.

சூத்திரங்களில் மொழி அவ்வளவாகக் குறுக்கிடாது. நீளமான கேள்விகளில்தான் சிக்கல். "ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்" என்று கேள்வி இருந்தால், சொற்கள் வரும் வரிசையிலேயே எழுதும் பிள்ளை ஐந்திலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிடுகிறது. "ஓர் எண்ணை விட ஐந்து குறைவு" என்று தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் எண்ணிலிருந்து ஐந்தைக் கழித்திருக்கும். "அட் லீஸ்ட்" என்றால் குறைந்தபட்சம், "அட் மோஸ்ட்" என்றால் அதிகபட்சம், "கான்செக்யூட்டிவ்" என்றால் அடுத்தடுத்து வருபவை, "ரெஸ்பெக்டிவ்லி" என்றால் முறையே. நிகழ்தகவுக் கணக்கில் "அட் லீஸ்ட் ஒன்" என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மொத்த விடையும் தவறிவிடும். கணக்கு தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான்.

ஆகவே பிள்ளை குறைந்த மதிப்பெண் வாங்கினால், அது கணக்கு தெரியாமல் போனதா, கேள்வி புரியாமல் போனதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தவறவிட்ட கேள்வியைத் தமிழில் சொல்லிக் கேளுங்கள். சட்டென்று போட்டுவிட்டால் குறை கணக்கில் இல்லை, மொழியில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மொழிச் சிக்கலுக்குக் கூடுதலாக நூறு கணக்குகள் போடச் சொல்வது உதவாது. ஒரு சிறு நோட்டில் கணக்குக்கான ஆங்கிலச் சொல்லையும் அதன் தமிழ்ப் பொருளையும் எழுதி வரச் சொன்னால், ஒரு பருவத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். ஆசிரியரும் முதலில் தமிழில் விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் செய்தால், பிள்ளை இரண்டையும் இணைத்துக்கொள்ளும்.

சூத்திரத்துக்கு முன்னால் படம்

"புரிந்து படிக்க வேண்டும்" என்று எல்லாரும் சொல்கிறோம். கணக்கில் புரிவது என்றால் எப்படி இருக்கும்? இதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பாடம் ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மி. அவருடைய நூலின் தலைப்பில் இருந்த "அல் ஜப்ர்" என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. அவருடைய பெயரிலிருந்து அல்காரிதம் என்ற சொல் பிறந்தது. வணிகம், நில அளவை, வாரிசுரிமைப் பங்கீடு என்று மக்களின் அன்றாடத் தேவைகளுக்காகவே அந்நூலை எழுதினார். வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கு மட்டும் அதில் பெரிய பகுதி உண்டு.

அவர் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற கணக்கு ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது?

இன்றைய பிள்ளை உடனே இருபடிச் சூத்திரத்தைத் தேடும். அல் குவாரிஸ்மி இத்தகைய கணக்குகளைப் படம் போட்டு விளக்கினார். நாமும் போட்டுப் பார்ப்போம். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைவோம். 10 மடங்கை இரண்டு பாதியாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளாகச் சதுரத்தின் வலப்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாக ஒட்டுவோம். இந்த மூன்றின் மொத்தப் பரப்பு 39. இப்போது உருவம் ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் போலத் தெரியும். ஒரு மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து அளவில் இடம் காலியாக இருக்கும். அந்த 25ஐச் சேர்த்தால் மொத்தம் 64. பரப்பு 64 என்றால் பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 பட்டையின் அகலம். மீதி 3. விடை 3தான். 3இன் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, கூட்டினால் 39.

"வர்க்கப் பூர்த்தி" என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் முறை இதுதான். இந்தப் படத்தை ஒருமுறை தன் கையால் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு, பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டுவது ஏன் என்று யாரும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சூத்திரம் மறந்தாலும் படத்திலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று படித்தார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்கே தனிப் பெயர்கள் இருந்தன. கால் என்றால் நான்கில் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு இந்தத் திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்து நூல் எழுதியிருக்கிறார். அங்கே மனப்பாடம் என்பது, சந்தையிலும் களத்துமேட்டிலும் வரும் கணக்குகளைத் தீர்ப்பதற்கான கருவியாக இருந்தது என்பது அவரது ஆய்விலிருந்து தெரிகிறது. வாய்ப்பாடு தேவைதான். ஆனால் அது கையிலிருக்கும் சுத்தியல். வீடு கட்டத் தெரிய வேண்டும்.

கீழ் வகுப்புகளிலிருந்தே தொடங்குகிறது

6ஆம் வகுப்புக்கு என்சிஇஆர்டி 2024இல் "கணித பிரகாஷ்" என்ற புதிய புத்தகத்தைக் கொண்டுவந்தது. 7, 8ஆம் வகுப்புகளுக்கான புத்தகங்கள் அடுத்த ஆண்டு வந்தன. 6ஆம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே எண்களிலும் வடிவங்களிலும் உள்ள ஒழுங்குகளைத் தேடச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டறிந்த 6174 என்ற எண்ணும் அதில் வருகிறது.

இதை இன்றிரவே வீட்டில் செய்து பார்க்கலாம். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண். உதாரணமாக 6382. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 8632, ஏறு வரிசையில் 2368. கழித்தால் 6264. மறுபடியும் அதேபோல் 6642லிருந்து 2466 போனால் 4176. இன்னொரு முறை, 7641லிருந்து 1467 போனால் 6174. அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தாலும் 6174தான். வேறு எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் அங்கேயே வந்து சேரும். 20 கழித்தல் கணக்குகளைக் கொடுத்தால் முகம் சுளிக்கும் பிள்ளை, இதில் தானாகவே 20 கழித்தல்களைப் போட்டுவிடும்.

நோட்டில் வெறும் விளையாட்டு இருக்கிறதே என்று பெற்றோர் பதற வேண்டாம். அந்த விளையாட்டில்தான் 10ஆம் வகுப்பின் திறன் சார்ந்த கேள்விக்கான அடித்தளம் போடப்படுகிறது.

சேதராப்பட்டுக்கு அருகிலேயே, ஆரோவில் பகுதியின் இடையன்சாவடியிலுள்ள உதவி பள்ளியிலும் இசை அம்பலம் பள்ளியிலும் "ஸ்டெம் லேண்ட்" என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்து வந்திருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகள் தாங்கள் எதைக் கற்கப் போகிறோம் என்று தாங்களே திட்டமிட்டு, புதிர்கள், கையால் தொட்டுக் கற்கும் பொருள்கள், கணினி நிரல்கள் வழியாகக் கணக்கு படிக்கிறார்கள். பொறியாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து உதவுகிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யோசிக்கும் கணக்கு ஒத்துவராது என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது பக்கத்திலேயே இருக்கும் சான்று.

ஸ்டாண்டர்டா, பேசிக்கா? யோசித்துக் கையெழுத்திடுங்கள்

இந்தக் கட்டுரையில் பெற்றோர் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பில் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கணக்கில் இரண்டு வகை வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்டாண்டர்ட், மற்றது பேசிக். பாடத்திட்டம் ஒன்றுதான். வகுப்பில் நடத்துவதும் ஒன்றுதான். அகமதிப்பீடும் ஒன்றுதான். பொதுத்தேர்வு வினாத்தாள் மட்டும் வேறு. பேசிக் வினாத்தாள் எளிதாக இருக்கும். பள்ளி, தேர்வர் பட்டியலை அனுப்பும்போது இவர் எந்த வகை எழுதுகிறார் என்று குறித்து அனுப்புகிறது.

பேசிக் எடுத்தால் தேர்ச்சி எளிது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மேல்நிலையில் கணிதத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்புகிறவர்கள் ஸ்டாண்டர்ட் எழுத வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி. பேசிக் எழுதியவர்களுக்கு "பயன்பாட்டுக் கணிதம்" என்ற வேறொரு பாடம் இருக்கிறது. வணிகவியல், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு அது உதவும். இந்த விதியில் சிபிஎஸ்இ அவ்வப்போது தளர்வுகள் கொடுத்து வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் விதியைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பிளஸ் 2வில் கணிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சென்டாக் வழியாகப் பொறியியல் சேரப் பெரும்பாலான பிரிவுகளுக்குக் கணிதம் வேண்டும். ஜேஇஇ தேர்வில் கணிதம் ஒரு பாடம். கணிதம், புள்ளியியல், இயற்பியல் பட்டப்படிப்புகளுக்கும் அது வேண்டும். 14 அல்லது 15 வயதில், ஒரு படிவத்தில் போடும் ஒரு குறி இந்தக் கதவுகளை அடைத்துவிடக் கூடும்.

எல்லாரும் ஸ்டாண்டர்ட்தான் எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு இல்லாத துறையில் தெளிவான ஆர்வமுள்ள பிள்ளையை, பேசிக் எழுத வைப்பது நல்ல முடிவு. அந்தப் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. பேசிக் எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை. ஆனால் மூன்று காரணங்களுக்காகப் பேசிக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலாவது, பயம். 9ஆம் வகுப்பில் ஒருமுறை குறைந்த மதிப்பெண் வந்தது என்பது மட்டும் காரணமாகாது. இரண்டாவது, பள்ளியின் தேர்ச்சி விகிதம். பள்ளிக்கு எது வசதி என்பதை விடப் பிள்ளைக்கு எது நல்லது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, "பெண் பிள்ளைதானே, பாஸானால் போதும்" என்ற எண்ணம். நன்றாகப் போடக்கூடிய எத்தனையோ பெண் பிள்ளைகளின் வழி இந்த ஒரு வாக்கியத்தால் அடைபட்டுவிடும். மேற்படிப்பு பற்றி அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

இன்னொரு செய்தியும் நினைவில் இருக்கட்டும். 2026 முதல் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தப்படுகிறது. முதல் தேர்வை எல்லாரும் எழுத வேண்டும். அதில் தேறியவர்கள் விரும்பினால் மூன்று பாடங்கள் வரை இரண்டாவது தேர்வில் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். கணக்கும் அதில் அடங்கும். எனவே ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம் முன்பு போல் தேவையில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

கணக்கு தெரியாத பெற்றோரும் கணக்குக்கு உதவ முடியும். சில எளிய வழிகள்:

ஒன்று, "விடை என்ன?" என்று கேட்பதற்குப் பதில் "எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நமக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதே பிள்ளை தன் தவறைக் கண்டுகொள்ளும். நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு, வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். மின்கட்டண ரசீது, சீட்டுப் பணம், மளிகைப் பட்டியல். கடையில் 20 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 10 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தால், மொத்தம் 30 சதவீதமா என்று கேளுங்கள். 1,000 ரூபாய்ப் பொருள் முதலில் 800 ஆகும். அதில் 10 சதவீதம் போனால் 720. ஆக, தள்ளுபடி 28 சதவீதம்தான். இது பாடப்புத்தகத்தில் வரும் கணக்கேதான்.

மூன்று, கைடையே நம்பி இருக்க விடாதீர்கள். என்சிஇஆர்டி புத்தகத்தின் ஒவ்வோர் எடுத்துக்காட்டையும், விடையை மூடி வைத்துத் தானே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் திணறிவிட்டுப் பிறகு விடையைப் பார்ப்பதில் தவறில்லை. சிபிஎஸ்இ இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாதிரி வினாத்தாளும் மதிப்பெண் வழங்கும் முறையும் இலவசமாக வெளியாகின்றன. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம்.

நான்கு, டியூஷன் சேர்க்கும் முன் யோசியுங்கள். பிள்ளையின் ஓட்டை எந்த வகுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல், 10ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டாம் முறை நடத்தும் டியூஷனால் பயன் குறைவு. பின்னம், குறை எண்கள், விகிதம் ஆகிய மூன்றும் திடமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் 6ஆம் வகுப்புப் புத்தகத்துக்குத் திரும்பிப் போவதில் வெட்கம் வேண்டாம். ஒரு கோடை விடுமுறையில் அதைச் சரிசெய்துவிடலாம்.

ஐந்து, பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். ஷிப்டு இருந்தால் ஒருநாள் மாற்றிக்கொண்டாவது போங்கள். "என் பிள்ளை எத்தனை மார்க்?" என்பதோடு, "எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான்? ஸ்டாண்டர்ட் எழுத முடியுமா? அதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண் எதற்கெல்லாம் தரப்படுகிறது என்றும் கேளுங்கள். சிறு தேர்வுகள், தொகுப்பு நோட்டு, கணித ஆய்வகச் செயல்பாடு எல்லாம் அதில் வருகின்றன. ஒழுங்காக நோட்டு முடிக்கும் பிள்ளைக்கு அது வாங்கக்கூடிய மதிப்பெண்.

ஆறு, நம் ஊரில் பொறியியலோ கணக்கோ படித்த இளைஞர்கள் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போதும். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் டிப்ளமா படித்த ஒருவர், இயந்திர அளவுகளை வைத்து அளவியலை விளக்கினால் அதற்கு இணையான பாடம் வேறில்லை. இடமும் கரும்பலகையும் ஏற்பாடு செய்வது பெரியவர்களின் பொறுப்பு.

நிறைவாக

"எனக்கும் கணக்கு வராது, அதனால்தான் உனக்கும் வரவில்லை" என்று பிள்ளையின் முன்னால் சொல்வதை இன்றோடு நிறுத்திக்கொள்வோம். கணக்கு யாருக்கும் இரத்தத்தில் வருவதில்லை. பாடத்திட்டம் மாறியதில் நம் பிள்ளைகள் சிரமப்படுவது உண்மை. ஆசிரியர்களும் சிரமப்படுகிறார்கள். ஆனால் யோசித்துப் போடும் கணக்கு அவர்களுக்குப் பழகிவிட்டால், அது தேர்வு முடிந்த பிறகும் கூடவே வரும். கடன் பத்திரத்தில் வட்டியைச் சரிபார்க்கவும், சம்பளச் சீட்டில் பிடித்தத்தைக் கேள்வி கேட்கவும் அதுவே துணை நிற்கும்.

இன்று பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து ஒரு கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 9ஆம் வகுப்போ 10ஆம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், ஸ்டாண்டர்டா, பேசிக்கா என்ற பேச்சை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பள்ளி படிவத்தை நீட்டும் நாளில் யோசிப்பதற்கு நேரம் இருக்காது.